எந்தக் கடிகாரத்தை ஓடவிடுவது?

போன வாரம் நந்தனத்தில் நம் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். விவாத நிகழ்ச்சிக்கு ஆள் சேர்க்கிற புதுப் பிள்ளைகள் நீங்கள் எல்லாரும் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு பெண் மட்டும் எழுந்து நாற்காலி கொடுத்து, தன் திரையையும் காட்டினாள். பச்சைக் கட்டத்தில் ஆதரவு ஆட்கள், சிவப்புக் கட்டத்தில் எதிர்ப்பு ஆட்கள். "ரெண்டு பக்கமும் சமமா இருந்தா ஓகேன்னு காட்டிடும் மேடம்" என்றாள். "பரவாயில்லையே, விவாதத்தையும் அதுவே பேசி முடிச்சிடுமா?" என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நம் சாயங்கால விவாத நிகழ்ச்சியின் தயாரிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தயாரிப்பாளர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். திரையில் தெரிகிறவர்கள் வந்து சேர்ந்தார்களா, காபி குடித்தார்களா, கழிப்பறை எங்கே என்று தெரியுமா என்று பார்க்கிற வேலை. நிகழ்ச்சி நன்றாக வந்தால் நெறியாளரைப் பாராட்டுவார்கள். சொதப்பினால் என்னைத் தேடுவார்கள்.

உங்கள் பச்சைக் கட்டத்துக்கும் சிவப்புக் கட்டத்துக்கும் ஒரு முன்னோடி உண்டு. எங்கள் காலத்தில் அது இரண்டு கடிகாரங்களாக இருந்தது. ஒரு தடவை, ஒரு மேம்பாலம் வேண்டும் என்கிறவர்களாகப் பார்த்து உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசவிட்டோம். வேண்டாம் என்கிறவர்களில் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. அவர்கள் புகார் கொடுத்தார்கள். புகார்களை விசாரிக்கிற குழு எங்களை அழைத்து, சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினை என்றால் மாற்றுக் கருத்துகளுக்கும் நியாயமான இடம் தரவேண்டும் என்று சொல்லி, எச்சரித்து அனுப்பியது. இன்னொரு முறை இப்படி ஆனால் நிகழ்ச்சியையே இழுத்து மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொன்னது. குழு சொன்னதில் தப்பே இல்லை. அதை நாங்கள் புரிந்துகொண்ட லட்சணம்தான் கூத்து.

மாடியில் இருந்த ஆசிரியர் மறுநாளே இரண்டு கடிகாரங்களைப் பொருத்தச் சொன்னார். ஆதரவாளர் வாயைத் திறந்தால் பச்சைக் கடிகாரம் ஓடும். எதிர்ப்பாளர் திறந்தால் சிவப்பு. முடிவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கவேண்டும். அரங்கத்தில் இடப்பக்க நாற்காலிகள் ஆதரவுக்கு, வலப்பக்கம் எதிர்ப்புக்கு. நேயர் அழைப்புகளுக்கும் இதே கணக்குதான். போனில் இருந்த எங்கள் முனீர் பாய், யார் கூப்பிட்டாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் "ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்பார். பதில் சொன்னவர்களுக்கு வரிசையில் இடம். "ரெண்டும் இல்லீங்க, நான் சொல்ல வந்தது என்னன்னா" என்று இழுத்தவர்களுக்கு "கொஞ்சம் லைன்லயே இருங்க". அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. பாய் வீட்டிலும் இதே பழக்கம் வந்துவிட்டது, இட்லியா தோசையா என்று மனைவி கேட்டால் ஆதரவு என்று சொல்கிறார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதை எனக்குச் சொல்லித்தந்தவர் எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர். இரு தரப்பையும் ஒளிபரப்புக்கு முன்னால் சந்திக்கவே விடாதே என்பார். அதனால் எங்களிடம் இரண்டு காத்திருப்பு அறைகள் உண்டு. கல்யாணத்துக்கு முன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிரித்து வைக்கிற மாதிரி, நாங்கள் சண்டைக்கு முன் பிரித்து வைத்தோம். சேர்த்து உட்காரவைத்தால் காபி குடித்துக்கொண்டே கோபத்தைப் பேசித் தீர்த்துவிடுவார்கள், அப்புறம் நேரலையில் "சார் சொல்றது கரெக்ட்தான்" என்று தலையாட்டுவார்கள், நிகழ்ச்சி படுத்துவிடும் என்பது அவருடைய பயம். அனுபவத்தில் அவர் பயந்தது சரிதான் என்று கண்டுகொண்டேன்.

நான் சொல்ல வந்த அந்த நாளில் எடுத்துக்கொண்ட விஷயம் பட்டினப்பாக்கம் பக்கத்துச் சாலையோர மீன் கடைகள். கடைகளால் போக்குவரத்து நெரிசல், எடுக்கவேண்டும் என்று ஒரு தரப்பு. பரம்பரையாக விற்கிற இடம், எடுக்கக்கூடாது என்று இன்னொரு தரப்பு. மறுநாள் காலையில் துறையில் ஒரு கூட்டம் வைத்து முடிவெடுக்கப்போகிறார்கள். அந்த முடிவை எடுக்கிற அலுவலரே எங்கள் நிகழ்ச்சிக்கு வர ஒப்புக்கொண்டிருந்தார். அவருக்கு நடு நாற்காலி. ஆகவே சும்மா பேசிக் கலைகிற நிகழ்ச்சி இல்லை அது. யாருடைய கடை இருக்கும், யாருடைய கடை போகும் என்பது அன்று சாயங்காலம் அந்த அரங்கத்தில் பேசுவதைப் பொறுத்திருந்தது.

கடைகளுக்காகப் பேச வந்தவர் கஸ்தூரி. பட்டினப்பாக்கத்தில் காலையில் மீன் விற்கிறவர், கணவருக்குச் சொந்தப் படகு, குரல் கணீரென்று இருக்கும். எதிர்ப்புக்கு வந்தவர் சாந்தோம் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் பத்மநாபன். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து, கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மீன் மேல் கோபம் இல்லை. மனைவிக்கு நெஞ்சுவலி வந்து ஆம்புலன்சில் ஏற்றிப்போனபோது, அந்தச் சாலையில் மீன் வாங்க வந்தவர்களின் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். மனைவி பிழைத்துவிட்டார். ஆனால் அந்தச் சைரன் சத்தம் அவரை விட்டுப் போகவில்லை என்று போனில் பேசும்போதே தெரிந்தது.

இரண்டு பேரும் வந்து சேர்ந்த நேரத்தில் ஒரு காத்திருப்பு அறையில் ஏசி நின்றுவிட்டது. மே மாதம். அந்த அறைக்குள் யாரையாவது உட்காரவைத்தால் விவாதத்துக்கு முன் முதலுதவி தேவைப்படும். வேறு வழியில்லாமல் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துவிட்டு, வேண்டாத தெய்வம் இல்லை. பத்து நிமிஷம் கழித்து எட்டிப் பார்த்தேன். பத்மநாபன் சார் தன் காபியை ஆற்றி கஸ்தூரி கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன் கேளுங்கோ. காலமே பத்து மணிக்குள்ள முடிச்சுண்டு கிளம்பிட்டேள்னா எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை."

"பத்து மணிக்கு மேல எனக்கு அங்க இன்னா வேலை சாமி? ஒன்பதரைக்கெல்லாம் கூடைய கழுவிக் கவுத்துட்டு வூட்டுக்குப் போய்டுவேன்."

"அப்போ பிரச்சினையே இல்லையே!"

"அதான நானும் சொல்லிக்கினு கீறேன்!"

ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு வைத்திருந்த சண்டை ஒரு காபியில் முடிந்துவிட்டது. நல்ல மனுஷியாக இருந்தால் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். நான் தயாரிப்பாளர், தலையில் கைவைத்துக்கொண்டேன்.

நேரலை தொடங்கியது. எங்கள் நெறியாளர் சரவணன் நெற்றியைச் சுருக்கி, குரலை இறக்கி, "அனல் பறக்கும் விவாதம்" என்று ஆரம்பித்தார். அனல் எல்லாம் அந்த ஏசி இல்லாத அறையிலேயே இருந்துவிட்டது. கஸ்தூரி "சாமி சொல்றது நாயம்தான்" என்றார். பத்மநாபன் சார் "அம்மா பெருந்தன்மையா ஒத்துண்டுட்டா" என்றார். பச்சைக் கடிகாரம் ஓடியது. சிவப்புக் கடிகாரம் கொஞ்சம் ஓடி, எதிர்ப்பு இல்லாததால் நின்றது. நடு நாற்காலி அலுவலர் முகம் மலர்ந்து, "இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் எங்கள் வேலை சுலபம். காலை பத்து மணிக்கு மேல் அந்தச் சாலையில் கடை கிடையாது என்று நாளைக்கே முடிவு செய்துவிடலாம்" என்றார்.

மாடியிலிருந்து ஆசிரியரின் போன். "என்னம்மா நடக்குது? சிவப்பு நின்னு போச்சு. பார்க்கிறவன் நாம ஒரு பக்கமா சாய்ஞ்சுட்டோம்னுதான சொல்வான்? உடனே ஒரு எதிர்ப்பு பிடி. தி.நகர் சாரைப் போடு."

தி.நகர் சாரைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். எதற்கும் எதிர்ப்பு தெரிவிக்கத் தயாராக இருக்கிற ஒரு பெரியவர். மழைநீர்க் கால்வாய் என்றாலும் சரி, மெட்ரோ என்றாலும் சரி, விஷயத்தைக் கேட்பதற்கு முன் "நான் கடுமையா எதிர்க்கிறேன்" என்பார். நல்ல குரல், கெட்ட வார்த்தை வராது, சொன்ன நேரத்தில் நிறுத்துவார். எத்தனையோ நாள் எங்கள் சிவப்புக் கடிகாரத்தைக் காப்பாற்றியவர். அன்றைக்கும் கூப்பிட்டவுடன் எடுத்தார். "மீன் கடையா? ஒண்ணுகூட இருக்கக்கூடாது" என்று தயாராகிவிட்டார்.

அவரை இணைக்கச் சொல்லத் திரும்பினேன். முனீர் பாய் ஒரு கையால் போன் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், இன்னொரு லைன்ல ஒரு பொம்பளை கீது. நிகழ்ச்சி ஆரம்பிச்சதுலருந்து லைன்லயே கீது. ஆதரவான்னா இல்லன்னுது. எதிர்ப்பான்னா அதுவும் இல்லன்னுது. கட் பண்ணிடவா?"

"என்னவாம்?"

"அவங்க ரெண்டு பேரும் சேந்து என் பொழப்ப எழுதிக் குடுத்துட்டாங்கன்னு திட்டிக்கினு கீது."

போனை வாங்கிக் காதில் வைத்தேன். பின்னால் ஒரே இரைச்சல். யாரோ அரைக் கிலோ சங்கரா மீன் கேட்கிறார்கள், யாரோ வண்டி ஹாரன் அடிக்கிறார்கள். அந்தப் பெண் பெயர் தேவகி. இரண்டே வாக்கியம்தான் என்னிடம் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாளைக்கு முடிவு எடுத்துவிடுவதாகச் சொன்ன மனிதர் எங்கள் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நிகழ்ச்சி முடிய மிச்சம் இருந்தது ஒரு அழைப்புக்கான நேரம்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். தி.நகர் சாரைப் போட்டால் எனக்கு எந்த வம்பும் இல்லை. சிவப்புக் கடிகாரம் ஓடும், மாடி குளிரும், குழு கேட்டால் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறது என்று காட்டலாம். தேவகியைப் போட்டால் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாது. ஏற்கனவே எச்சரிக்கை வாங்கியிருக்கிறோம். கோபத்தில் இருக்கிற பெண், நேரலையில் ஏதாவது வாயை விட்டால் நிகழ்ச்சியோடு சரவணன் வேலையும் போகும். எனக்குப் பயமாக இருந்தது. வீரமாக முடிவெடுத்தேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

"தேவகியைப் போடுங்க பாய்" என்றேன்.

மாடி கத்தியது. "அந்தம்மா எந்தப் பக்கம்?"

"தெரியாது சார்."

"தெரியாம எப்டிம்மா ஏர்ல விடுவே?"

அதற்குள் கடிகாரங்களை இயக்குகிற ரவி பதறிக்கொண்டு கேட்டார். "மேடம், எந்தக் கடிகாரத்தை ஓடவிட?"

"ரெண்டையும் நிறுத்து" என்றேன்.

குரல் அரங்கத்தில் ஒலித்தது.

"கஸ்தூரிக்கா, நான் தேவகி. நீ காலையில வித்துட்டு வூட்டுக்குப் போய்டுவ. உனக்குப் படகு கீது, விடிஞ்சா மீனு கரைக்கு வந்துடும். எங்களுக்கு இன்னாக்கா கீது? மத்தியானம் காசிமேட்டுலருந்து சரக்கு வாங்கியாந்து, சாயங்காலம்தான கடை போடறோம். ஆபீஸ் வுட்டு வர்றவங்கதான எங்க கிராக்கி. பத்து மணியோட மூடுன்னா நாங்க எங்கக்கா போறது? நீ உன் பொழுத வுட்டுக்குடுக்கல. எங்க பொழுத எடுத்துக் குடுத்துட்ட."

சரவணன் சமாளிக்கப் பார்த்தார். "அம்மா, நீங்க முன்னாடியே இங்க ஸ்டுடியோவுக்கு வந்து இதைச் சொல்லியிருக்கலாமே?"

"எப்டிப்பா வர்றது? நான் கடை போடற நேரத்துலதான நீ நிகழ்ச்சி போடற. இப்பக்கூட ஒரு கையில போனு, ஒரு கையில மீனு."

சரவணன் என்னைப் பார்த்தார், கண்ணாடி வழியாக. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எத்தனையோ வருஷமாக ஆறு மணிக்கு நிகழ்ச்சி நடத்துகிறோம். ஆறு மணிக்கு யாரால் வரமுடியும் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. கடிகாரம் இரண்டும் சரியாகத்தான் ஓடின. அவை ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு பக்கம் வெளியே நின்றுவிட்டது.

கஸ்தூரி மைக்கைச் சேலையிலிருந்து கழற்றுவதுபோல் பிடித்துக்கொண்டு சொன்னார். "அடியே தேவகி, சத்தியமா எனக்குத் தோணலடி. சாமி பத்து மணின்னு சொன்னாரு, என் வேல அதோட முடியுதேன்னு சரின்னுட்டேன்." பிறகு அலுவலரைப் பார்த்து, "அய்யா, நான் சொன்னத எழுதிக்காதீங்க. அது நான் குடுக்கக்கூடிய நேரம் இல்ல" என்றார்.

எல்லாரும் பத்மநாபன் சாரைப் பார்த்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் ஆத்துக்காரியை ஆம்புலன்ஸ்ல கொண்டுபோனது சாயங்காலம்தாம்மா" என்றார் மெதுவாக. "அந்த வழி எனக்கு வேணும். அதுல நான் ஒரு அங்குலம் விட்டுத்தரமாட்டேன்." மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா அன்னிக்கு ஆம்புலன்ஸை மறிச்சது கூடை இல்லை. ரெண்டு பக்கமும் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்கள். அதையும் நான் சொல்லித்தான் ஆகணும்."

அலுவலர், தான் எப்போதும் காலையில் மட்டுமே போய்ப் பார்த்ததாகவும், முடிவு எடுப்பதற்கு முன் ஒரு சாயங்காலமும் போய்ப் பார்ப்பதாகவும் சொன்னார். நிகழ்ச்சி முடிந்தது. இரண்டு கடிகாரங்களும் பாதியில் நின்றது நின்றபடி இருந்தன.

அவர் சொன்னபடி போய்ப் பார்த்தார். வண்டிகளைச் சாலையின் ஒரு பக்கம் மட்டும் நிறுத்தவேண்டும் என்று கோடு போட்டார்கள். சாயங்காலக் கடைகள் தப்பின. பத்மநாபன் சார் இன்றைக்கும் கைத்தடியோடு போய், கோட்டைத் தாண்டி நிறுத்துகிறவர்களைப் பிடித்துப் பாடம் எடுக்கிறார் என்று கேள்வி. எங்கள் மேல் ஒரு புகார் வந்தது உண்மை. கொடுத்தவர் தி.நகர் சார். தன்னைக் காத்திருக்கவைத்துவிட்டு, எந்தப் பக்கத்திலும் சேராத ஒருவருக்கு நேரம் கொடுத்ததைக் கடுமையாக எதிர்த்திருந்தார். குழு நிகழ்ச்சியைப் போட்டுப் பார்த்துவிட்டு, மாற்றுக் கருத்துக்கு இடம் தரச் சொன்னோம், தந்திருக்கிறீர்கள் என்று முடித்துக்கொண்டது. மாடி அன்றைக்குத்தான் என்னிடம் திரும்பப் பேசியது. தி.நகர் சாருக்கு அடுத்த வாரமே ஒரு நாற்காலி போட்டு, கால்வாயை எதிர்க்கவிட்டுச் சமாதானம் செய்தோம்.

பிள்ளைகளே, இரண்டு பக்கமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். அந்தக் குழு ஒருநாள் எங்கள் காதைத் திருகியிருக்காவிட்டால் நாங்கள் மேம்பாலக்காரர்களை மட்டும் பேசவிட்டுக்கொண்டே இருந்திருப்போம். உங்கள் திரை ஓகே என்று காட்டியதும் எழுந்து காபிக்குப் போய்விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இந்த விஷயத்தில் நாளைக்கு யாருக்கு அடி விழும், அவரால் நம் நேரத்துக்கு வரமுடியுமா, வராவிட்டால் ஏன் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் போங்கள். இரண்டு தரப்பும் சட்டென்று ஒத்துப்போனால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். அவர்கள் கைகொடுத்துக்கொள்வது மூன்றாவது ஆளின் தலைக்கு மேலாக இருக்கலாம்.

ஓய்வு பெற்ற பிறகு அடையாறிலிருந்து பஸ் பிடித்து, சாயங்காலங்களில் பட்டினப்பாக்கத்தில்தான் மீன் வாங்குகிறேன். முதல் நாள் தேவகியைத் தேடிப்பிடித்து நான் யார் என்று சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன்.

"சங்கரா போடும்மா" என்றேன்.

"கொழம்புக்கா, வறுவலுக்கா?"

"அதான் இன்னும் முடிவு பண்ணல. ரெண்டுக்கும் இல்லாம..."

"ரெண்டும் இல்லியா?" என்று கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப கொஞ்சம் லைன்லயே இரும்மா."

எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் போனார்கள். தேவகி என் பக்கம் திரும்பவே இல்லை. பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவள் லைனில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியும்.